பாம்பு கடித்த குழந்தை: மருந்து ஏறிய பிறகும் ஆஸ்பத்திரியில் ஏன் இருக்க வேண்டும்?

சம்பா அறுவடை நேரம். அறுப்பு ஆட்களுக்குத் தூக்குவாளியில் டீ எடுத்துக்கொண்டு எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி வரப்பில் வருகிறாள். பொழுது சாய்ந்து கண் மங்கும் வேளை. வரப்போரப் புல்லில் சுருண்டு கிடந்த கண்ணாடி விரியன் கணுக்காலுக்கு மேலே கடித்துவிடுகிறது. தகப்பனார் அரிவாளைப் போட்டுவிட்டு ஓடி வருகிறார். மோட்டார் சைக்கிளில் ஆரம்ப சுகாதார நிலையம். அங்கிருந்து 108 வண்டியில் மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரி. இரவில் விஷமுறிவு மருந்து ஏற்றப்படுகிறது. விடிந்ததும் சிறுமி எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்கிறாள்.

வயலில் பாதிக் கதிர் நிற்கிறது. சொல்லி வைத்த ஆட்கள் நாளைக்கு வேறு வயலுக்குப் போய்விடுவார்கள். "மருந்துதான் ஏற்றியாகிவிட்டதே, பிள்ளையும் தெளிந்துவிட்டாளே, அழைத்துக்கொண்டு போகலாமா?" என்று தகப்பனார் கேட்கிறார். "இன்னும் சில நாள் இருக்க வேண்டும்" என்கிறார் டாக்டர்.

இந்த இடத்தில்தான் பல குடும்பங்கள் தவறிவிடுகின்றன. எழுதிக் கொடுத்துவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய், மூன்றாம் நாள் முகம் வீங்கி, சிறுநீர் நின்று, மறுபடி அதே ஆஸ்பத்திரிக்கு ஓடி வருகிறவர்கள் உண்டு. டாக்டர் ஏன் நிறுத்தி வைக்கிறார் என்பது தெரிந்தால் இந்த அலைச்சலும் ஆபத்தும் இராது. இங்கே சொல்லப்படும் சிறுமியும், பின்னால் வரும் சிறுவனும் ஒரு குறிப்பிட்ட ஊர்க் குழந்தைகள் அல்லர். பாம்புக்கடிக்கு ஆஸ்பத்திரியில் சேர்க்கப்படும் குழந்தைகள் பலருக்கும் நேர்வதையே இவ்விருவரைக் கொண்டு விளக்கியிருக்கிறது.

நம் நாட்டில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று 2020-ல் வெளியான ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர். அவர்களில் கால் பங்குக்கு மேல் 15 வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகள். பெரும்பாலோரின் உயிர் போனது கிராமத்து வீடுகளில். ஆஸ்பத்திரிக்கு நேரத்தில் வந்து சேர்ந்து, சொன்ன நாள் வரை தங்கும் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் பிழைத்து வீடு திரும்புகிறார்கள்.

மருந்து செய்வது எது, செய்யாதது எது?

நம் பக்கத்தில் உயிருக்கு ஆபத்தான கடிகளில் மிகப் பெரும்பாலானவை நான்கு பாம்புகளால் வருபவை: நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். நான்கின் விஷத்துக்கும் சேர்த்து ஒரே மருந்துதான் கொடுக்கப்படுகிறது. ஆகவே "எந்தப் பாம்பு என்று தெரிந்தால்தான் வைத்தியம்" என்று எண்ணிப் புதரை அடித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. செத்த பாம்பைப் பையில் போட்டுக்கொண்டு வருவதும் வேண்டாத வேலை. செத்ததாக நினைத்த பாம்பு கடித்ததும் உண்டு.

இந்த மருந்து தயாராகும் வழி பலருக்குத் தெரியாது. மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் இயங்கி வருகிறது. இருளர்கள் பிடித்து வரும் பாம்புகளிடமிருந்து விஷம் எடுக்கப்பட்டு, பாம்புகள் திரும்பக் காட்டில் விடப்படுகின்றன. அந்த விஷத்தை மிகச் சிறிய அளவில் தொடங்கிக் குதிரைகளுக்கு ஊசி மூலம் ஏற்றுகிறார்கள். குதிரையின் ரத்தத்தில் விஷத்தை எதிர்க்கும் சத்து உண்டாகிறது. அதைப் பிரித்துச் சுத்தம் செய்து குப்பியில் அடைத்தால் அதுவே விஷமுறிவு மருந்து. இந்தச் சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

மருந்து ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும் விஷத்தைப் பிடித்துச் செயலறச் செய்யும். அவ்வளவுதான். விஷம் ஏற்கெனவே கெடுத்துவிட்ட சதையையோ, சிறுநீரகத்தையோ, நரம்பு முனையையோ மருந்து சரி செய்யாது. அந்தப் பழுதை உடம்புதான் மெல்ல மெல்லச் சரி செய்துகொள்ள வேண்டும். அதற்கு நாள் பிடிக்கும். பூச்சி மருந்து அடித்தால் பூச்சி சாகும். தின்ற இலை திரும்ப வராது, புதுத் தளிர்தான் வர வேண்டும் என்பது விவசாயிக்குத் தெரியாததல்ல.

குழந்தைக்கும் பெரியவர்களுக்கும் மருந்தின் அளவு ஒன்றே என்பதைப் பார்த்துச் சிலர் பயந்துவிடுகிறார்கள். பாம்பு ஆளைப் பார்த்து விஷத்தைக் குறைத்துக் கடிப்பதில்லை. 60 கிலோ உடம்பில் பரவ வேண்டிய விஷம் 20 கிலோ உடம்பில் பரவுவதால் குழந்தைக்கு அது கடுமையாகவே தாக்கும். முறிக்க வேண்டிய விஷம் அதே அளவு என்பதால் குப்பியும் அதே அளவுதான். பொதுவாக முதல் தடவை 8 முதல் 10 குப்பி. அதைக் கலந்து ஏற்றும் நீரின் அளவை மட்டும் எடைக்குத் தக்கபடி குறைப்பார்கள்.

ஆஸ்பத்திரி வாசலை அடையும் வரை

எவ்வளவு சீக்கிரம் மருந்து ஏறுகிறதோ அவ்வளவுக்குப் பழுது குறையும். குழந்தை ஐந்து நாளில் வீடு திரும்புமா, ஐந்து வாரத்திலா என்பதில் பெரும் பங்கு வயலிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வரும் அந்த நேரத்துக்கு உண்டு.

குழந்தையை நடக்க விடாமல் தூக்கிக்கொள்ள வேண்டும். கடிபட்ட கால் அல்லது கையை எலும்பு முறிவுக்குக் கட்டுவதுபோல மூங்கில் பட்டையோ பலகையோ வைத்துத் துண்டால் தளர்வாகக் கட்டி அசையாமல் வைக்க வேண்டும். கொலுசு, வளையல், மோதிரம், தண்டை ஆகியவற்றை உடனே கழற்றிவிட வேண்டும். கால் வீங்கிய பிறகு கொலுசு சதைக்குள் இறங்கிவிடும், அப்புறம் வெட்டித்தான் எடுக்க வேண்டும். மோட்டார் சைக்கிளில் போவதானால் ஓட்டுபவருக்கும் பின்னால் உட்காருபவருக்கும் நடுவில் குழந்தையை வைத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். வாந்தி எடுத்தாலோ எச்சில் ஒழுகினாலோ இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். கடித்த நேரத்தைக் குறித்துக்கொள்வது நல்லது.

கயிற்றால் இறுக்கிக் கட்டுவது, கீறி ரத்தம் விடுவது, வாயால் உறிஞ்சுவது, விஷக்கல் வைப்பது ஆகியவற்றால் ஒரு பயனும் இல்லை, கேடு உண்டு. யாராவது ஏற்கெனவே இறுக்கிக் கட்டிவிட்டிருந்தால் அதை வழியில் சட்டென்று அவிழ்க்கக் கூடாது. தேங்கிய விஷம் ஒரேயடியாக உடம்புக்குள் பாயக்கூடும். டாக்டர் பார்த்து அவிழ்ப்பார்.

வேப்பிலை கசக்கிறதா, மிளகு காரமாக இருக்கிறதா என்று தின்னக் கொடுத்துப் பார்க்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. நல்லபாம்பு, கட்டுவிரியன் கடியில் தொண்டைச் சதை தளர்ந்து விழுங்கும் சக்தி குறையும். அந்த நிலையில் கொடுக்கும் எதுவும், சிறியாநங்கைச் சாறானாலும் பாலானாலும், நுரையீரலுக்குள் போய்விடலாம். விஷத்துக்குத் தப்பிய குழந்தை இதனால் இறந்துவிடக் கூடும்.

கண்ணாடிக் குழாயும் ஆறு மணி நேரமும்

ஆஸ்பத்திரியில் சேர்த்ததும் சிறிது ரத்தம் எடுத்து, சுத்தமான உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிடம் ஆட்டாமல் அசைக்காமல் வைத்திருப்பார்கள். பிறகு குழாயைச் சாய்த்துப் பார்ப்பார்கள். நல்ல ரத்தம் பால் தயிரானதுபோல் உறைந்து நிற்கும். விரியன் விஷம் ஏறிய ரத்தம் தண்ணீராய் ஓடும். விலை உயர்ந்த இயந்திரம் எதுவும் இல்லாமல் கிராமத்துச் சுகாதார நிலையத்திலும் செய்யக்கூடிய சோதனை இது. ரத்தம் உறையவில்லை என்றால் விரியன் விஷம் ஏறியிருக்கிறது என்று பொருள், மருந்து தொடங்கிவிடுவார்கள். முதல் சோதனையில் உறைந்துவிட்டாலும் வீட்டுக்கு அனுப்பமாட்டார்கள். அடுத்தடுத்து மறுபடி பார்ப்பார்கள். விஷம் மெதுவாகவும் ஏறலாம். கடித்தது சாரையா, தண்ணீர்ப்பாம்பா என்று நிச்சயமில்லாதபோது குழந்தையை 24 மணி நேரம் வைத்துப் பார்ப்பதுதான் முறை.

மருந்து ஏற்றி முடித்த பிறகு அடுத்த சோதனை 6 மணி நேரம் கழித்து. "மருந்து போட்டு இவ்வளவு நேரமாகிறது, ஏன் யாரும் பார்க்கவில்லை?" என்று சில பெற்றோர் சத்தம் போடுவார்கள். காரணம் இருக்கிறது. ரத்தத்தை உறைய வைக்கும் பொருள்களை விஷம் தின்று தீர்த்துவிட்டது. ஈரல் அவற்றைப் புதிதாகச் செய்து நிரப்ப ஏறக்குறைய ஆறு மணி நேரம் ஆகும். அதற்கு முன் பார்த்தால் கணக்குத் தப்பும். ஆறு மணி நேரம் கழித்தும் உறையாவிட்டால் மறுபடி மருந்து. கடித்த இடத்துச் சதையில் தங்கிய விஷம், ஏறிய மருந்து தீர்ந்த பிறகு மெல்லக் கசிந்து ரத்தத்தில் கலப்பதும் உண்டு. காலையில் இட்லி கேட்ட சிறுமியை ஆஸ்பத்திரியில் இருத்தி வைக்க இது ஒன்றே போதிய காரணம்.

ரத்தம் உறையாமல் இருக்கும் நேரத்தில் குழந்தை கட்டிலிலிருந்து விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஈறில் ரத்தம் கசிதல், சிறுநீர் சிவத்தல், கடுமையான தலைவலி, திடீர் மயக்கம் ஆகியவற்றை உடனே நர்ஸிடம் சொல்ல வேண்டும். வலிக்கு வெளிக்கடை மாத்திரை எதுவும் வாங்கிக் கொடுக்கக் கூடாது. ரத்தக் கசிவைக் கூட்டும் மாத்திரைகள் உண்டு.

மருந்து ஏறத் தொடங்கிய சிறிது நேரத்தில் குழந்தைக்கு நடுக்கமோ, உடம்பெங்கும் தடிப்போ, அரிப்போ, மூச்சிரைப்போ வரலாம். குதிரையின் சத்தை உடம்பு ஒப்பாததால் வருவது இது. மருந்தை நிறுத்தி, அட்ரினலின் ஊசி போட்டு, அடங்கியதும் மறுபடி மெதுவாகத் தொடங்குவார்கள். "மருந்து ஒத்துக்கொள்ளவில்லை, வேண்டாம்" என்று பெற்றோர் தடுப்பது பெருந்தவறு. ஒவ்வாமையை அடக்க வழி உண்டு; விஷத்துக்கு வேறு மருந்து கிடையாது.

சிறுநீரைக் கீழே கொட்டாதீர்கள்

கண்ணாடி விரியன் கடியில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் சிறுநீரகப் பழுது. கடித்த அன்று தெரியாது. இரண்டாம் நாள், மூன்றாம் நாள் தெரியவரும். ஆகவே குழந்தை எவ்வளவு நீர் குடித்தது, எவ்வளவு சிறுநீர் கழித்தது என்று மணிக்கணக்கில் குறித்து வைப்பார்கள். கழிவறைக்கு அழைத்துப் போய் வந்துவிட்டு, "போனாள், நன்றாகத்தான் போனாள்" என்று சொன்னால் டாக்டருக்குப் பயன்படாது. கொடுத்திருக்கும் அளவுக் குடுவையில் பிடித்து, நர்ஸிடம் காட்டிய பிறகே கொட்ட வேண்டும். பக்கத்தில் இருக்கும் தாய் செய்யக்கூடிய மிக உயர்ந்த உதவி இதுதான்.

20 கிலோ எடையுள்ள குழந்தைக்கு மணிக்கு 20 மில்லியாவது சிறுநீர் வர வேண்டும். அது 10 மில்லிக்கும் கீழே இறங்கினால் சிறுநீரகம் திணறுகிறது என்று பொருள். நிறம் கருங்காப்பிபோல் மாறினாலும் சொல்ல வேண்டும். முகமும் கண்ணோரமும் உப்புவது, வாந்தி, மூச்சு வாங்குவது ஆகியவை பிந்திய அறிகுறிகள்.

சிறுநீர் குறைந்த குழந்தைக்கு உறவினர்கள் செய்யும் உபசாரமே விஷமாகிவிடுவது உண்டு. பார்க்க வருகிறவர் தம் தோப்பிலிருந்து நாலு இளநீர் சீவிக்கொண்டு வருவார். உடம்பு குளிர்ச்சியாகும், நீர் பிரியும் என்பது எண்ணம். இளநீரில் பொட்டாசியம் என்ற உப்பு மிகுதி. சிறுநீரகம் நன்றாக இருந்தால் அது வெளியே போய்விடும். பழுதுபட்டிருந்தால் ரத்தத்தில் தேங்கி இதயத் துடிப்பையே தடுமாற வைக்கும். வாழைப்பழம், பழச்சாறு ஆகியவற்றுக்கும் இதே எச்சரிக்கை. தண்ணீரைக்கூட டாக்டர் சொன்ன அளவுக்கு மேல் கொடுக்கக் கூடாது.

சிறுநீர் முழுக்க நின்றுவிட்டால் டயாலிசிஸ் செய்வார்கள். இந்தச் சொல்லைக் கேட்டதும் "ஆயுளுக்கும் இதுதானா?" என்று பெற்றோர் கலங்கிவிடுகிறார்கள். பெரும்பாலான குழந்தைகளுக்கு அப்படி இல்லை. அடிபட்ட சிறுநீரகம் தேறும் வரை அதன் வேலையை இயந்திரம் செய்கிறது. சில நாட்களிலோ, இரண்டு மூன்று வாரங்களிலோ சிறுநீர் திரும்ப வரத் தொடங்கும். தொடக்கத்தில் அளவுக்கு மீறியும் வரலாம். அப்போதும் உப்புக் கணக்கைப் பார்க்க வேண்டியிருப்பதால் ஆஸ்பத்திரியில் இருந்தாக வேண்டும். சிலருக்கு முழுதாகத் தேறாமல் போவதும் உண்டு. முதல் மருந்துக்கு ஆன தாமதம் அதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று.

கால் வீக்கம்

மருந்து ஏறிய பிறகும் வீக்கம் இரண்டு மூன்று நாள் ஏறிக்கொண்டுதான் இருக்கும். டாக்டர்கள் பேனாவால் காலில் கோடு போட்டு நேரம் எழுதுவது வீக்கம் எதுவரை போகிறது என்று பார்க்கத்தான். அதை அழிக்கக் கூடாது. கொப்புளம் வந்தால் உடைக்கக் கூடாது. மஞ்சள், சுண்ணாம்பு, பச்சிலைப் பற்று எதுவும் வேண்டாம். நல்லபாம்புக் கடியில் கடிவாய்ச் சதை கறுத்து அழுகுவதும் உண்டு. அதை வெட்டிச் சுத்தம் செய்து, பெரிய புண்ணானால் வேறிடத்துத் தோலை எடுத்து ஒட்டுவார்கள். வலி குறைந்ததும் விரல்களையும் கணுக்காலையும் சிறிது சிறிதாக அசைக்கச் சொல்வார்கள். அழுகிறாளே என்று விட்டுவிட்டால் மூட்டு இறுகிப் பிறகு நொண்டும்படி ஆகிவிடும்.

சிறுவனின் கதை வேறு

ஐப்பசி மழை. கூரை வீட்டில் பாயில் படுத்திருந்த ஆறு வயதுப் பையன் நள்ளிரவுக்கு மேல் வயிறு வலிக்கிறது என்று அழுகிறான். வாந்தி எடுக்கிறான். தாயார் ஓமத் தண்ணீர் கொடுத்துத் தட்டித் தூங்க வைக்கிறாள். விடியும்போது எழுப்பினால் இமை திறக்கவில்லை. "தூக்கக் கலக்கம்" என்கிறார்கள். பேச்சு மூக்கால் வருகிறது. எச்சில் வழிகிறது. தலை நிற்கவில்லை.

கடித்தது கட்டுவிரியன். இரவில் வீட்டுக்குள் வரும், படுத்திருப்பவரைக் கடிக்கும். வலியோ வீக்கமோ அநேகமாக இருக்காது. பல் பட்ட தடமும் தெரியாமல் போகும். மழைக்காலத்தில் தரையில் படுத்த குழந்தை இரவில் காரணமில்லாமல் வயிற்று வலியும் வாந்தியும் என்று எழுந்து, இமை சரிந்தால், கடிவாயைத் தேடிக்கொண்டிராமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போக வேண்டும்.

நரம்புச் சேதி சதைக்குப் போகும் முனையையே இந்த விஷம் கெடுக்கிறது. கெட்டுப்போன முனைகளை மருந்து சீராக்காது. அவை மறுபடி வளர வேண்டும். அதுவரை மூச்சுச் சதைகளும் வேலை செய்யா. ஆகவே தொண்டையில் குழாய் வைத்துச் சுவாசக் கருவியில் இணைக்கிறார்கள். சில குழந்தைகளுக்கு இரண்டு மூன்று நாள். சிலருக்கு ஒரு வாரம், அதற்கு மேலும் ஆகலாம்.

குடும்பத்தின் மனம் உடைவது இந்த நாட்களில்தான். பையன் கண் திறப்பதில்லை. கிள்ளினால் அசைவதில்லை. இமையைத் தூக்கிப் பார்த்தால் கண்பாவை விரிந்து, வெளிச்சத்துக்கும் சுருங்காமல் நிற்கிறது. "உயிர் எப்போதோ போய்விட்டது, மெஷின்தான் மூச்சு விடுகிறது" என்று பார்க்க வந்தவர் சொல்லிவிட்டுப் போகிறார். கருவியைக் கழற்றி வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள் என்று தகப்பனார் கையெடுத்துக் கும்பிடுகிறார்.

கழற்றக் கூடாது. கட்டுவிரியன் விஷம் மூளையைக் கெடுப்பதில்லை. கண்பாவைச் சதையையும் சேர்த்து அது தளர்த்திவிடுவதால்தான் பாவை விரிந்து நிற்கிறது. மூச்சு நின்று பிராணவாயு இல்லாமல் போவதற்கு முன் கருவியில் சேர்க்கப்பட்ட குழந்தை, அசையாமல் கிடக்கும்போதே விழித்துக்கொண்டிருக்கலாம். காது கேட்கும். ஊசி குத்தினால் வலிக்கும். வாயால் சொல்ல முடியாது, அவ்வளவே. எங்கோ ஒரு விரலில் சிறிது அசைவு மிஞ்சியிருந்தால், "அம்மா பேசுகிறேன், கேட்கிறதா, விரலை ஆட்டு" என்றால் ஆட்டுவான். ஆகவே படுக்கையருகே நின்று சாவைப் பற்றிப் பேசக் கூடாது. தாயும் தகப்பனும் முறை வைத்துக்கொண்டு, உள்ளே விடும் நேரத்தில் அவன் பெயரைச் சொல்லி, வீட்டு ஆட்டுக்குட்டியைப் பற்றியோ பள்ளிக்கூடத்தைப் பற்றியோ பேசிக்கொண்டிருக்கலாம். குழாய் மாற்றும் முன்பும் ஊசி போடும் முன்பும் சொல்லிவிட்டுச் செய்தால் குழந்தைக்குப் பயம் குறையும்.

இமை மூடாமல் கண் உலர்ந்து புண்ணாகாதபடி மருந்திட்டு ஒட்டி வைப்பதும், படுக்கைப் புண் வராமல் புரட்டிப் போடுவதும், சளியை உறிஞ்சி எடுப்பதும் நர்ஸுகளின் வேலை. கருவியை எடுத்த பிறகு குரல் கம்மியிருக்கும். சில நாளில் சரியாகும். பெற்றோர் அவசரப்படக் கூடாதது உணவில்தான். நாலு நாள் பட்டினி கிடந்த பிள்ளை என்று யாரும் பாராதபோது ஒரு வாய் சோறு ஊட்டிவிடுகிறார்கள். விழுங்கும் சக்தி முழுதாகத் திரும்பியதா என்று டாக்டர் பார்த்துச் சொல்லும் வரை வாய் வழியாக எதுவும் கூடாது.

நல்லபாம்புக் கடியிலும் இமை சரியும், மூச்சு தடுமாறும். ஆனால் அதில் மருந்தும், கூடவே போடும் நியோஸ்டிக்மின் ஊசியும் பல சமயம் சில மணி நேரத்திலேயே பலன் காட்டிவிடும். அடுத்த கட்டிலில் இருந்த நல்லபாம்புக் கடிக் குழந்தை மறுநாள் உட்கார்ந்துவிட்டதே என்று ஒப்பிட்டுப் பார்ப்பது சரியல்ல.

வீடு திரும்பிய பிறகு

ஆஸ்பத்திரியை விட்டு வந்து ஒரு வாரம் நன்றாக இருந்த குழந்தைக்குத் திடீரென்று காய்ச்சல், மூட்டு வலி, அரிப்பு, தடிப்பு வரலாம். மருந்து ஏறிய 5 நாள் முதல் இரண்டு வாரத்துக்குள் இது வரும். "விஷம் திரும்ப ஏறிவிட்டது" என்று மந்திரிக்கப் புறப்பட்டுவிடுகிறார்கள். விஷமல்ல, குதிரைச் சத்தின் மேல் உடம்பு காட்டும் எதிர்ப்பு. அதே ஆஸ்பத்திரிக்குப் போனால் மாத்திரையிலேயே அடங்கிவிடும்.

பத்தியம் தேவையில்லை. உப்பில்லாச் சோறு, பகலில் தூங்கவிடாமல் வைத்திருத்தல் ஆகியவற்றால் இளைத்த குழந்தை மேலும் இளைக்கும். சிறுநீரகப் பழுது இருந்தவர்களுக்கு மட்டும் டாக்டர் சொன்ன உணவுக் கட்டுப்பாடு உண்டு. மற்றவர்களுக்கு முட்டை, பருப்பு, கீரை, பால் எல்லாம் கொடுக்கலாம்.

கண்ணாடி விரியன் கடித்த குழந்தையைக் குறித்த நாட்களில் தவறாமல் காட்டி ரத்தமும் சிறுநீரும் சோதிக்க வேண்டும். வெளியில் நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே பழுது மிஞ்சியிருக்கலாம். இன்னொன்றும் உண்டு, அபூர்வம்தான். மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியை இந்த விஷம் கெடுத்துவிடுவது உண்டு. மாதங்கள் கழித்துக் குழந்தை சோர்ந்தே இருக்கும்; சக பிள்ளைகள் வளரும்போது இது வளராமல் நிற்கும்; பருவம் அடைவதும் தள்ளிப்போகும். அப்போது பெற்றோரே முன்வந்து, "இரண்டு வருடம் முன் விரியன் கடித்தது" என்று டாக்டரிடம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவருக்குத் தோன்றாமல் போகலாம். கண்டுபிடித்தால் மாத்திரை, ஊசிகளால் சமாளிக்கக்கூடியதே.

சிறுமி சில மாதம் வரப்பில் கால் வைக்க மாட்டாள். கயிறு கிடந்தாலும் அலறுவாள். இரவில் திடுக்கிட்டு எழுவாள். கேலி செய்யாமல், கட்டாயப்படுத்தாமல், கூட ஒருவர் நடந்து பழக்க வேண்டும். நாளாகியும் தீராவிட்டால் ஆஸ்பத்திரியில் சொல்லலாம்.

பையன் திரும்பிப் போவது அதே கூரை வீட்டுக்குத்தான். நெல் மூட்டையும் விறகும் வரட்டியும் படுக்கும் இடத்தில் இருந்தால் எலி வரும்; எலியின் பின்னால் பாம்பு வரும். அவற்றை வெளியே மாற்ற வேண்டும். கட்டில் போட முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் கொசு வலையைப் பாய்க்கு அடியில் நன்றாகச் செருகிப் படுக்க வைத்தால் கட்டுவிரியன் உள்ளே புக முடியாது.

தமிழ்நாட்டில் 2024 நவம்பரில் பாம்புக்கடி அரசுக்கு அறிவிக்கப்பட வேண்டிய நோய்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. ஆஸ்பத்திரியில் ஊர், நேரம், இடம் எல்லாம் கேட்டு எழுதுவது எந்தப் பகுதிக்கு எவ்வளவு மருந்து தேவை என்று கணக்கிட உதவும். தயங்காமல் சொல்லலாம்.

வீட்டுக்கு அனுப்பும்போது கொடுக்கும் சீட்டில் எந்தப் பாம்பு என்று கருதப்பட்டது, எத்தனை குப்பி ஏற்றப்பட்டது, ஒவ்வாமை வந்ததா, சிறுநீரகச் சோதனையில் என்ன அளவு இருந்தது என்பவை எழுதப்பட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். அதை ரேஷன் கார்டோடு சேர்த்து வைத்து, ஒவ்வொரு தடவை போகும்போதும் எடுத்துச் செல்ல வேண்டும்.